கார்லைல் பையன்களின் 1912

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடு, மரகதத்தை நினைவுபடுத்த வைக்காதே. இங்கே பெரிதாக விசேஷமில்லை. பேரன் பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்ந்திருக்கிறான்; பந்தைவிட பூட்ஸ் மேல்தான் அவனுக்குக் கண்.

“அமெரிக்கக்காரன் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஆடும் ஃபுட்பாலில் முட்டி மோதுவதைத் தவிர என்ன இருக்கிறது?” என்று கேட்டிருந்தாயே, அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கொஞ்ச நாளாக நான் கார்லைல் அணியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்.

பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊர். அங்கே 1879இல் ஒரு பழைய ராணுவ முகாமில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பள்ளி திறந்தது. தொடங்கியவர் பிராட் என்ற ராணுவ அதிகாரி. பிள்ளைகளை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து, முடியை வெட்டி, சொந்தப் பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசினால் தண்டித்து ‘நாகரிகப்படுத்தினார்கள்’. வீடு திரும்பாமல் அங்கேயே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட பள்ளியின் அணிதான் ஹார்வர்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களை மைதானத்தில் சந்தித்தது. பெயருக்குப் பள்ளி, ஆட்டமெல்லாம் கல்லூரிகளோடு.

1912 சீசனில் 14 ஆட்டம். செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் முடிவதற்குள் ரயிலில் ஊர் ஊராகப் போய் ஆடித் தீர்த்துவிட்டார்கள். 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. மொத்தம் 504 புள்ளிகள். கேப்டன் ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனத்துப் பையன். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கியிருந்தான். வாங்கிவிட்டு, திரும்பவும் பள்ளி அணிக்கு ஆட வந்துவிட்டான்!

நான் சொல்ல வந்தது நவம்பர் 9. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி மைதானம். வூண்டட் நீ படுகொலை நடந்து 22 வருஷம்கூட ஆகவில்லை. அங்கே பூர்வகுடிகளைச் சுட்டது அமெரிக்க ராணுவம். இங்கே எதிரே நிற்பவர்கள் அதே ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். கார்லைல் கோச் பாப் வார்னர் இதைச் சொல்லிப் பையன்களை உசுப்பிவிட்டதாக ஒரு கதை உண்டு. அவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்ன?

உடல் எடையில் ராணுவ அணி கனம். மோதித் தள்ளுவதுதான் ஆட்டம் என்றால் கார்லைல் தோற்றிருக்க வேண்டும். வார்னர் புதிதாக ஒரு வியூகம் கொண்டுவந்தார், ‘டபுள் விங்’. வழக்கமாகப் பின்னால் நிற்கும் இரண்டு ஹாஃப்பேக்குகளை (பந்தோடு ஓடும் ஆட்டக்காரர்களை) முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் நகர்த்திவிட்டார். பந்து வலப்பக்கம் போகுமா, இடப்பக்கமா, காற்றில் பறக்குமா என்று எதிரிக்குக் கடைசி நொடிவரை பிடிபடாது. கபடியில் நம் சண்முகம் ஒரு பக்கம் கையை நீட்டிவிட்டு மறுபக்கம் காலால் தொடுவானே, அந்த வித்தைதான்.

இடைவேளையில் கார்லைல் 7, ராணுவம் 6. அப்புறம் கட்டு அவிழ்ந்தது. ராணுவ அணியின் கேப்டன் டெவோர், ஆஜானுபாகு, தன்னை ஓயாமல் மடக்கிக்கொண்டிருந்த கார்லைல் பையன் ஜோ கயான் மேல் ஆத்திரத்தில் பாய்ந்து, நடுவரால் வெளியே அனுப்பப்பட்டார். இதில் யார் நாகரிகம் கற்றவர், யார் கற்க வேண்டியவர் என்று நீயே சொல். தோர்ப் ஓட ஓட எல்லோரும் அவன் பின்னாலேயே போனார்கள். இன்னொரு கார்லைல் பையன் அலெக்ஸ் அர்காசா சத்தமில்லாமல் மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டுவிட்டான். முடிவு 27-6. தோர்ப்பை மடக்கப் பார்த்துத் தோற்றவர்களில் ஐசனோவர் என்ற ராணுவப் பயிற்சி மாணவரும் ஒருவர். ஆம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அதே ஐசனோவர்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது என்ன தெரியுமா? அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கார்லைல் ஜெயித்தபோதெல்லாம் ‘போர்க்கோலம்’, ‘கோடாரி’ என்றே எழுதின. மூளையால் ஜெயித்தவர்களை ரத்தத்தால் ஜெயித்ததாகவே காட்டினார்கள். களத்தில் நின்று ஒவ்வொரு நகர்வையும் கணக்குப் போட்டு நடத்திய குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை இயக்குபவன்) கஸ் வெல்ச் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ராணுவத்தை ஜெயித்த அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். சீசனில் அந்த ஒன்றுதான் தோல்வி. சரி, விளையாட்டில் சகஜம். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. முன்பு கொஞ்ச நாள் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடினான் என்று 1913இல் தோர்ப்பின் ஒலிம்பிக் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். முழுசாக அவன் ஒருவனுக்கே வெற்றி என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2022 ஆகிவிட்டது. அவன் இறந்தது 1953இல்.

கஸ் வெல்ச் ஆட்டத்தோடு நிற்கவில்லை. பள்ளி நிர்வாகத்தைப் பற்றி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினான். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்க வந்தது. வார்னர் பையன்களைத் திட்டியது, அடித்தது, ஃபுட்பால் பணம் போன வழி எல்லாம் சாட்சியத்தில் வெளியே வந்தது. வியூகம் வகுத்த அதே மனிதர்தான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் பிட்ஸ்பர்க் போய்விட்டார். பள்ளியை 1918இல் மூடினார்கள்.

நம் சண்முகம் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா? விலாசம் கிடைத்தால் அனுப்பு. தையில் ஊருக்கு வருவதாக இருக்கிறேன், முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். மரகதத்திடம் சொல்லி வை.

அன்புடன்,
சேது