காவலூர் வானத்தின் இருட்டுக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் கடந்த சில ஆண்டுகளாகப் புதிது புதிதாக எரியத் தொடங்கியிருக்கும் வெள்ளை எல்இடி விளக்குகளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தெருவிளக்கு வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களும் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் பாம்புக்கும் பள்ளத்துக்கும் அஞ்சாமல் நடக்க அந்த வெளிச்சம் தேவைதான். ஆனால் அவ்விளக்குகளில் பல சாலையை நோக்கிக் குனியாமல் நிமிர்ந்து நிற்பதால், நம் வரிப்பணத்தில் எரியும் வெளிச்சத்தில் ஒரு பங்கு யாருக்கும் பயன்படாமல் வானத்துக்குப் போகிறது. அந்த வானத்தின் இருட்டை நம்பித்தான் ஜவ்வாது மலையின் காவலூரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். பணிக்காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை அந்த மலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் ஒருவர் பின்னாளில் அங்கேயே இரவுப் பணிக்குச் சேர்ந்தார். அவர் முறையாக அனுமதி பெற்றுத் தந்ததால், பார்வையாளனாக அன்றி, ஓர் இரவு முழுவதும் ஓரமாக உட்கார்ந்து அங்கு நடக்கும் வேலையைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வானியலாளர் என்றால் தொலைநோக்கியில் கண்ணை வைத்து வியந்துகொண்டிருப்பவர் என்ற எண்ணம் அன்றோடு என்னிடமிருந்து போயிற்று.

வேலை பிற்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. ஒளியைப் பதிவு செய்யும் சிசிடி கருவி சூடாக இருந்தால் அதன் சொந்த வெப்பமே பொய்யான வெளிச்சமாகப் பதிவாகிவிடும் என்பதால், அதைக் குளிர்விக்கும் குடுவையில் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவம் குடுவையின் வாயில் பட்டதும் வெண்புகையாய்ப் பொங்கித் தரையில் வழிந்தோடியது. கனத்த கையுறை அணிந்த என் மாணவர், பால்காரர் அளந்து ஊற்றுவதுபோல் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் குவிமாடத்தின் கதவு திறந்தது. முதல் படங்கள் எந்த நட்சத்திரத்துக்கும் உரியவை அல்ல. ஒரே சீரான வெளிச்சத்தைப் பதிவு செய்து, கருவியின் எந்தப் புள்ளி கூடுதலாக உணர்கிறது, எது குறைவாக உணர்கிறது என்று கணக்கிட எடுக்கப்படுபவை அவை. அதன்பிறகு தோரியம்-ஆர்கான் விளக்கை எரியவிட்டு, அதன் அலைநீளம் தெரிந்த கோடுகளை ஒரு அளவுகோலாகப் பதித்துக்கொண்டார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே அன்றைய முதல் நட்சத்திரத்தின் பக்கம் தொலைநோக்கி திரும்பியது. 234 செ.மீ. விட்டமுள்ள ஆடி திரட்டிய ஒளி, முடியிழை போன்ற கண்ணாடி இழை வழியாக நிறமாலைமானி இருக்கும் அறைக்கு இறங்கி, அங்கே வண்ணம் வண்ணமாகப் பிரிந்து பதிவாகிறது. ஒரு மங்கலான நட்சத்திரத்துக்காக அரை மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரமெல்லாம் ஒருவர் நட்சத்திரம் இழையின் வாயை விட்டு நகராமல் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் வெளியே போய் மேகத்தையும் காற்றின் ஈரத்தையும் பார்த்து வருகிறார். ஈரம் அளவுக்கு மேல் ஏறினால், எவ்வளவு அரிய காட்சியானாலும், ஆடியில் பனி படியும் முன் கதவை மூடிவிட வேண்டும். நான் இருந்த இரவில் இரண்டு மணிக்குமேல் பனிமூட்டம் எழுந்து அப்படித்தான் மூடினார்கள். அந்த இரவுக்காகப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, குழுவின் ஒப்புதல் பெற்று வந்திருந்த ஆய்வு மாணவி ஒரு வார்த்தையும் முணுமுணுக்காமல், எடுத்த படங்களைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார்.

இருட்டில் நம் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. அகலம் விரியும். அதனோடு ஒப்பிட்டால் 234 செ.மீ. ஆடி ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டுகிறது. அதன் மேற்பரப்பில் பூசப்பட்டிருக்கும் அலுமினியமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். தூசியும் ஈரமும் பட்டு அப்பூச்சு மங்கும்போதெல்லாம், ஆடியைக் கழற்றி இறக்கி, பழைய பூச்சைக் கரைத்துக் கழுவி, காற்றை வெளியேற்றிய பெரிய கலனுக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் புதிதாகப் படியவைக்க வேண்டும். அந்தக் கலனும் காவலூரிலேயே இருக்கிறது. இப்படிப் பேணுபவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வருவதில்லை என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

இத்தனை பாடுபட்டு அங்கே என்ன கண்டார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். 1960களின் இறுதியில், கோடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம் இது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அந்த மறைப்பு காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலிருந்தும் பதிவு செய்யப்பட்டு, கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் அருகே சென்ற வாயேஜர் விண்கலம், அப்படி ஒன்று இருந்தாலும் கணித்ததைவிட மிக மிக மெல்லியதாகவே இருக்க முடியும் என்று காட்டியது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனின் சுவட்டைக் கண்டது. முதல் அளவீடு திருத்தப்பட்டதைக் குறையாக நான் கருதவில்லை. அறிவியல் நடக்கும் விதம் அதுதான் என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட கதை இன்னும் நெருக்கமாகச் சொல்லத்தக்கது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ், துலாம் மண்டலத்தில் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து சென்றது. நட்சத்திரம் மறையும் விதத்தைக் கொண்டு கோளின் காற்றுமண்டலத்தை அளப்பதே அனைவரின் நோக்கமாக இருந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே, தொலைநோக்கி பொருத்திய விமானமான கைப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இருந்தனர். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஈடுபட்டிருந்தனர். எதிர்பார்த்த நேரம் வரும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் தாழ்ந்து, மீண்டும் எழுந்தது. இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் குறுக்கே வந்திருக்கலாம் என்று காவலூர்க் குழு முதலில் கருதியது. விமானத்திலோ கோளுக்கு முன்னும் பின்னும் அத்தகைய தாழ்வுகள் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தன. இரண்டு பக்கமும் ஒத்த தொலைவில் ஒளி மறைகிறது என்றால் குறுக்கே இருப்பது துணைக்கோளாக இருக்க முடியாது, கோளைச் சுற்றிய வளையங்கள்தாம் என்பது தெளிவாயிற்று. சூரியக் குடும்பத்தில் சனியைத் தவிர வேறு கோளுக்கும் வளையம் உண்டு என்று மனிதகுலம் அறிந்த நாளில், ஜவ்வாது மலையின் ஒரு தொலைநோக்கியும் விழித்திருந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. “லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே வானாய்வகம் இருக்கிறது, சிலியில் இதைவிடப் பெரிய ஆடிகள் இருக்கின்றன, விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் இருக்கின்றன, காவலூருக்காக எதற்கு மெனக்கெட வேண்டும்?” என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கோள் நட்சத்திரத்தை மறைக்கும் காட்சி பூமியில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருட்டான வானத்தின் கீழ் ஒரு தொலைநோக்கி இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆய்வகங்களுக்கும் தென்னாப்பிரிக்க ஆய்வகங்களுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால், வட இந்தியாவிலிருந்து எட்டாத தென்வானத்தின் பெரும்பகுதியும் காவலூருக்குத் தெரிகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நட்சத்திரங்களுக்கு, உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகளில் அத்தனை இரவுகளை யாரும் ஒதுக்கித் தர மாட்டார்கள். நம் நாட்டு ஆய்வு மாணவர்கள் கருவியைத் தம் கையால் இயக்கிக் கற்பதும் இங்கேதான்.

1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் வானத்தின் அகன்ற பரப்பைப் படமெடுக்கும் இங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் ஒரு குறுங்கோளைக் கண்டறிந்தார். வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது இடைவெளிவிட்டுப் படமெடுத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்திருக்கும் புள்ளியைத் தேடும் பொறுமையான வேலை அது. 4130 என்ற எண் பெற்ற அக்குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயரிடப்பட்டது. 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ‘ஏசியா’ என்ற குறுங்கோளைக் கண்டார். அவர் காலத்துக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து இன்னொன்றைக் காண நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று நகரவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். தாம் திட்டமிட்ட 234 செ.மீ. தொலைநோக்கி எழும் முன்பே, 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் காலமானார். அதன் ஆடி பெங்களூருவில் நம்மவர்களாலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2014-இல் பட்டாச்சார்யாவின் பெயரால் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் சேர்ந்தது. பாப்பு தேடிக் கண்ட இருட்டை அவருக்குப் பின் வந்த நாம்தான் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் ஒரு குறுகிய அலைநீளத்தைச் சுற்றியே இருந்தது. நிறமாலையில் அந்தப் பட்டையை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஆராய முடிந்தது. வெள்ளை எல்இடியின் ஒளியோ எல்லா வண்ணங்களிலும் பரவியிருக்கிறது. அதிலும் நீல ஒளி மிகுதி. பகல் வானம் நீலமாகத் தெரிவதற்கு எது காரணமோ, அதே காரணத்தால் அந்த நீலம் காற்றில் அதிகமாகச் சிதறி இரவு வானம் முழுவதையும் வெளுக்கச் செய்கிறது. மேல்நோக்கிச் செல்லும் வெளிச்சம் மலையடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் நகரங்களின் வெளிச்சமும் அடிவானத்திலிருந்து ஏறி வருவதைக் காவலூரில் நின்று வெறுங்கண்ணாலேயே காணலாம்.

தீர்வு செலவு மிகுந்ததன்று. விளக்கைக் கிடைமட்டமாகப் பொருத்தி மேலேயும் பக்கவாட்டிலும் மூடி போடுவது, நிற வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு மேற்படாத, மஞ்சள் கலந்த எல்இடியைப் பயன்படுத்துவது, இரவு பத்து மணிக்குமேல் விளம்பரப் பலகைகளையும் மண்டபங்களின் ஃபோகஸ் விளக்குகளையும் அணைப்பது ஆகிய மூன்றும் போதும். என் வீட்டு வாசல் விளக்குக்கு எண்ணெய் டின்னின் தகரத்தை வெட்டி நானே ஒரு மூடி செய்து பொருத்தினேன். படிக்கட்டில் வெளிச்சம் முன்பைவிட நன்றாக விழுகிறது. எதிர்வீட்டு மாடி அறையில் படுப்பவர்களின் கண்ணிலும் இப்போது கூசுவதில்லை என்று அவர்களே சொன்னார்கள். தெருவிளக்குக்கும் அவ்வாறு செய்யக் கேட்டபோது, மேலிடத்து உத்தரவின்றித் தம்மால் எதையும் தொட முடியாது என்று பணியாளர் கூறினார். அவர் சொன்னது நியாயமே.

அந்த உத்தரவைத்தான் கேட்கிறேன். ஸ்பெயின் நாடு 1988-ஆம் ஆண்டிலேயே கேனரித் தீவுகளின் வானாய்வகங்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றிய பகுதியை இருள்வானக் காப்பகமாக லடாக் நிர்வாகம் அறிவித்திருக்கிறது. அங்கே கிராமத்து மக்களை இருட்டில் தள்ளவில்லை. விளக்குகளுக்கு மறைப்புப் போட்டார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, வானம் பார்க்க வரும் பயணிகளால் அவர்களுக்கு வருமானத்துக்கும் வழி செய்தார்கள். தேனும் சாமையும் விற்று வாழும் ஜவ்வாது மலை மக்களுக்கும் அவ்வழி பொருந்தும்.

திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகங்களும் மின்வாரியமும் ஊராட்சிகளும் ஆய்வகத்தினரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசி, இனி பொருத்தும் புதிய விளக்குகளுக்கேனும் இவ்விதிகளை இப்போதே வகுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலம் முடிந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் காவலூரில் வானம் மிகத் தெளிவாக இருக்கும். அதற்குள் மலைச்சாலை விளக்குகளுக்காவது மூடி போட்டுவிட்டால், வரும் பருவத்திலேயே அங்குள்ளவர்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆலங்காயம்.