வெர்னேயின் கடல்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதத்துக்கு முழங்கால் காரணமில்லை, அது இப்போது பரவாயில்லை. என் பிறந்தநாளுக்குப் பெரியவள் ஒரு ஓவியப் புத்தகம் கொடுத்தாள். அதில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாம் தபால்தலை பார்ப்போமே, அந்தப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர் ஜோசப் வெர்னே. 1714இல் அவிஞோனில் பிறந்து, இருபது வயதில் ரோமுக்குப் போனவர். அங்கே வருகிற பணக்காரப் பயணிகளுக்குக் கடல் காட்சி வரைந்தே பெயர் வாங்கினார். பலர் ஜோடியாகக் கேட்பார்களாம்: ஒன்றில் அமைதியான கடல், இன்னொன்றில் புயல். வளைந்த பாறை, கலங்கரை விளக்கம், பொன் வெயில், வலை இழுக்கும் மீனவர்கள். எந்த ஊர்க் கரை என்றால், எந்த ஊரும் இல்லை! பத்துப் படம் தாண்டியதும் எனக்குக் காலண்டர் ஞாபகம்தான் வந்தது. நீ திட்டுவாய், தெரியும். உன் பக்கம் பேச பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ இருக்கிறார். 1767 பாரிஸ் ஓவியக் கண்காட்சி பற்றி எழுதும்போது, ஏதோ கடலோரக் கிராமத்தில் நடைபோனதாக வர்ணித்துக்கொண்டே போய், வெகுநேரம் கழித்துத்தான் அதெல்லாம் வெர்னேயின் படங்கள் என்று உடைக்கிறார். குறும்புக்காரர்.

என்னைப் பிடித்து வைத்தது துறைமுகப் படங்கள். 1753இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்காக நாட்டின் துறைமுகங்களை வரையச் சொன்னார்கள். 24 என்று திட்டம், 1765க்குள் 15 முடித்தார். ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்கு மேல் அகலம். அந்தந்த ஊரின் தொழில் படத்தில் தெரிய வேண்டும் என்று உத்தரவு. அதனால் தியெப் என்றால் முன்னாலேயே மீன் வியாபாரம். மார்செய்யில் தன்னையே ஒரு மூலையில் உட்கார்ந்து வரைகிறவராகப் போட்டுக்கொண்டார்.

பாந்தோல் படத்தை மட்டும் இரண்டு ராத்திரி பார்த்தேன். சூரை மீன் வேட்டை. கரையோரமாக வரும் மீன் கூட்டத்தை, கடலுக்குள் அறை அறையாகக் கட்டிய வலைக்குள் திருப்பிவிடுவார்கள். கடைசி அறைக்கு அடியிலும் வலை. அதைச் சுற்றிப் படகுகள் நெருங்கி, வலையைத் தூக்கி, துள்ளும் மீனைக் கொக்கி போட்டு இழுக்கிறார்கள். இதில் என்ன வேடிக்கை தெரியுமா? பக்கத்துப் படகுகளில் பட்டுடுத்திய சீமாட்டிகளும் கனவான்களும் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே வானம் என்னவோ அதே ரோமாபுரி வானம்தான், பழக்கம் விடவில்லை. ஆனால் வலையைப் பிடித்த ஆட்களின் முதுகு வளைந்திருக்கிறதே, அது காலண்டர் இல்லை.

புயலைப் பார்க்கத் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொன்னார் என்று ஒரு கதை வேறு. நான் நம்பவில்லை, நீ நம்புவாய்.

சரி, கண் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? முடிந்ததும் இங்கே வந்து பத்து நாள் இரு. புத்தகத்தைத் தபாலில் அனுப்ப மனசில்லை, கனம் மூன்று கிலோ இருக்கும்.

அன்புடன்,
ராகவன்