ஓவியர் "நம்ம ஆளா?" என்று கேட்கும் கத்தோலிக்கப் பங்குப் பேரவைகளுக்கு

அன்புள்ள பங்குத்தந்தையர்களுக்கும் பேரவைப் பெரியவர்களுக்கும்,

புதுக் கோயில் கட்டுகிறீர்கள், பழைய கோயிலைப் புதுப்பிக்கிறீர்கள், நல்லது. சனங்களும் மனசாரக் கொடுக்கிறார்கள். ஆனால் கிரானைட் பதித்து, பீடம் அமைத்து, ஒலிபெருக்கி வரைக்கும் நாலு இடத்தில் விலை விசாரித்து வாங்குகிறவர்கள், சுரூபம் என்கிற திருவுருவச் சிலை, இயேசுவின் கடைசிப் பயணத்தைக் காட்டும் சிலுவைப்பாதைப் படங்கள் என்று வந்ததும் கேட்லாக்கைப் புரட்டி, நீலக் கண்ணும் ரோஸ் கன்னமுமாக ஃபைபரில் வார்த்த இயேசுவைக் காட்டி "இதையே போட்டுடுங்க ஃபாதர்" என்று பத்தே நிமிஷத்தில் முடித்துவிடுகிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சமீபத்தில் ஒரு பங்கில், ஓவியம் படித்த இளைஞர் ஒருவர் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் வரைந்து தருகிறேன் என்று மாதிரிப் படங்களோடு வந்திருக்கிறார். முதல் கேள்வியே "தம்பி நம்ம ஆளா?" என்பதுதான். கிறிஸ்தவர் இல்லை என்று தெரிந்ததும் பேச்சு முடிந்தது, கொண்டுவந்த படங்களை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

இந்தக் கேள்விக்கு வயது நானூறுக்கு மேல். 1567இல் கோவாவில் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்தவர் அல்லாத கைவினைஞர்களிடம் திருவுருவ வேலைகளைக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. தடை போட வேண்டி வந்தது என்றால் அதுவரை அந்த வேலையை யார் செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்?

அடுத்த சில வருஷங்களில் வடக்கே கதை நேர்மாறாக நடந்தது. 1580இல் சேசு சபைக் (ஜெசுவிட்) குருக்கள் ஃபதேபூர் சிக்ரிக்குப் போய் அக்பரைப் பார்த்தார்கள். அவர்கள் கொண்டுபோன விவிலியத்தையும் ஐரோப்பிய அச்சுப் படங்களையும் அரண்மனை ஓவியர்கள் ஆசை ஆசையாக எடுத்துப் பார்த்து வரைந்தார்கள். கேசுதாஸ் என்ற இந்து ஓவியர் புனித ஜெரோமை வரைந்தார். அபுல் ஹசன் என்ற பையன் 1600இல், தன் 13ஆவது வயதில், ஜெர்மானிய ஓவியர் டியூரரின் செதுக்குப்படத்தில் சிலுவையடியில் நிற்கும் யோவானைப் பார்த்து வரைந்தான். அந்தப் படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முஸ்லிம் பையன் வரைந்த யோவான் என்று அங்கே யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை.

அப்புறம் வங்காளத்தின் ஜாமினி ராய். மேல்நாட்டுப் பாணியில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர், ஒரு கட்டத்தில் எண்ணெய் வண்ணத்தையே ஒதுக்கிவிட்டு, மண்ணிலும் விளக்குக்கரியிலும் நிறம் எடுத்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்து வரைய ஆரம்பித்தார். அந்த நிறங்களில்தான் அவருடைய இயேசுவும் வந்தார். தடித்த ஒற்றைக் கோட்டில் உடம்பு, முகத்தின் ஓரம்வரை நீளும் கண், அந்தக் கண்ணில் அழுகை என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டுவா என்கிற வங்காள நாட்டுப்புற ஓவியர்களின் கிருஷ்ணனும் பலராமனும் எப்படி நேருக்கு நேர் பார்ப்பார்களோ அப்படியே பார்க்கிறார். நம் கேட்லாக் இயேசுவோ எப்போதும் கூரையைத்தான் பார்க்கிறார், நம்மைப் பார்ப்பதே இல்லை.

வங்காளம் தூரம் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியர் கிராமமான சோழமண்டலத்துக்கு வாருங்கள். அங்கே இருந்த சிற்பி பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி உருவமெடுத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கிறிஸ்துவைச் செய்தார். சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும். பிரிவினையில் ஊரை விட்டு வந்த ஓவியர் கிருஷன் கன்னாவோ, டெல்லி நிஜாமுதீன் பக்கம் தெருவில் பார்த்த கூலிக்காரர்களையும் பக்கிரிகளையும் இயேசுவாகவும் சீடர்களாகவும் உட்கார வைத்தார். மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சீடராக்கியவரை இதைவிடச் சரியாகப் படித்தவர் யார்?

வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்கராகவே பிறந்த கோவாக்காரர் எஃப்.என். சூசா 1959இல் வரைந்த சிலுவைக் காட்சிதான் இவை எல்லாவற்றிலும் பயங்கரமானது. பெரிய படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் பீடத்துக்குப் பின்னால் மாட்டச் சொல்லமாட்டேன், பிள்ளைகள் அலறிவிடும். இன்னொரு கோவாக்காரர் ஆஞ்செலோ ட ஃபொன்செகா சாந்திநிகேதனில் படித்துவிட்டு வந்து மாதாவுக்குச் சேலை கட்டி, மாநிறத்தில் வரைந்தார். சொந்த ஊரில் அதற்கு எதிர்ப்பு, கடைசியில் புனேயில்தான் போய் இருந்தார். ஆக, "நம்ம ஆள்" என்பதால் மட்டும் நாம் யாரையும் தாங்கிப் பிடித்துவிடவும் இல்லை.

இத்தனைக்கும் சேலை கட்டிய மாதா நமக்குப் புதுசா? வேளாங்கண்ணியில் யார் முன்னால் மண்டியிடுகிறோம்? இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இலேயே, எந்தவொரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியது என்று வைத்துக்கொண்டதில்லை, எல்லா இனத்தாரின், எல்லா நாட்டாரின் கலைக்கும் இடம் உண்டு என்று எழுதிவைத்துவிட்டது.

ஒரு ஆட்சேபம் வரும், அது நியாயமானதும்கூட. இந்தியமயமாக்கல் என்ற பெயரில் தாமரை, ஓம், பத்மாசனம் என்று கொண்டுவந்து, கோயிலுக்குள் பிராமணியத்தைத்தான் கூட்டி வருகிறீர்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் ரொம்ப காலமாகவே சொல்லிவருகிறார்கள். சரியான கேள்வி. பத்மாசனத்தில் உட்கார்ந்த இயேசுவைப் பார்த்து எனக்கும் நெளிந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் நீலக் கண் இல்லை. கன்னா காட்டிய தெரு இருக்கிறது, பறை இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது, மலம் அள்ளும் தொட்டிக்குள் இறக்கப்பட்டுச் செத்த மனிதன் இருக்கிறான். 14ஆம் நிலையில் கல்லறைக்கு யாரைத் தூக்கிப் போகிறோம் என்று வரையத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 14 நிலைகளையும் ஒரே மாதத்தில் மாட்டியாக வேண்டும் என்று சட்டமா? தவக்காலத்துக்கு ஒன்றாக வரையச் சொல்லுங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே போய்ப் பிள்ளைகளின் வேலையைப் பாருங்கள். வருகிறவரிடம் மதத்தைக் கேட்காமல் நாலு நற்செய்தி நூல்களையும் கையில் கொடுத்து, பாடுகளின் பகுதியைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் ஃபாதரோடு ஒரு மத்தியானம் உட்காரட்டும். படம் சனங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதையும் பூசை முடிந்து வெளியே நின்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கோயில் வேலை, புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லிப் பாதிக் கூலிக்குக் கேட்காதீர்கள். கிரானைட்காரரிடம் அப்படிக் கேட்டீர்களா?

இப்படிக்கு,
உங்கள் கோயில்களில் பின்வரிசையில் உட்காரும் ஒருவன்