தேக்குப் படகும் தேனீப் பிசினும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பர்மாவுல மோல்மேன்ல இருந்து எழுதுறேன். வெள்ளைக்காரன் காலத்துல தேக்குக் கப்பலா கட்டி இறக்குன ஊரு இது, இப்ப ஒரு பழைய பாய்மரப் படகோட அடிப்பக்கத்துக்குக் கலப்பத்து அடிக்க, அதாவது தண்ணி புகாம பலகை இடுக்கை அடைக்க, ஆள் தேடி நாக்கு தள்ளிடுச்சு.

நான் ஆசாரி இல்லீங்க, மளிகைக்கடை. 18 அடி படகு, ஆசைப்பட்டு வாங்கிட்டேன். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாத்தா பலகை கல்லு மாதிரி இருக்கு, ஆனா ஒவ்வொரு இரும்பு ஆணியைச் சுத்தியும் கருப்பா மாவா உதிருது. மரம் சாகல, ஆணிதான் கொன்னுருக்கு. எல்லாத்தையும் புடுங்கிட்டு செம்பு ஆணி போட்டேன்.

முதல்ல ஒருத்தர் பேச்சைக் கேட்டு கோடையில காஞ்சு கிடந்த இடுக்கெல்லாம் எபாக்ஸிப் பசை ஊத்தி அடைச்சேன், தேக்குல எண்ணெய் இருக்குமே, அசிட்டோன் போட்டுத் துடைக்காததால பாதி பிடிக்கவே இல்ல, பிடிச்ச இடத்துலயும் தண்ணில விட்டதும் பலகை உப்ப இடமில்லாம உள்ள பலகையைத் தாங்குற விலாச் சட்டம், வங்கும்பாங்களே, அதுல ஒண்ணு 'படக்'னு விட்டுப்போச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அப்புறம் ஒரு பர்மாக்காரப் பெரியவர்தான் சொன்னாரு, பஞ்சுத் திரியை உளியால லேசா இறக்கி மேல ப்வேஞெட் பூசுன்னு. ப்வேஞெட்ங்கிறது கொட்டாத சின்னத் தேனீ கூட்டுல சேக்குற பிசின், எண்ணெய்ல குழைச்சா கெட்டியாவும் இருக்கும் மரத்தோட சேந்து அசையவும் செய்யும்.

உங்க வாசகர்ல கலப்பத்துக்காரர் வீட்டுப் பிள்ளைங்க யாராச்சும் இருந்தா ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க ஐயா, மழைக்கு முன்னாடி இடது பக்கம் முடிக்கணும்.