எங்கள் கடலில் எடுத்த படம், எங்களுக்கும் ஒரு நகல்

கடலடிப் படக் கூட்டாய்வை அறிவித்திருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை முப்பரிமாணத்தில் படமாக்க யார் யாரோடு சேர்கிறீர்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். பல்கலைக்கழகம் இருக்கிறது, கேமரா கம்பெனி இருக்கிறது. உங்களைப் படகில் ஏற்றிப்போய், எந்தப் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே கிடக்கிறது என்று காட்டி, கூடவே மூச்சடக்கி இறங்கும் கீழக்கரைப் பக்கத்துச் சங்குகுளிக்காரர்கள் மட்டும் இல்லை. சரி, பெயர் கிடக்கட்டும், எடுத்த படங்களாவது கிடைக்குமா?

2010-லும் 2016-லும் தண்ணீர் சூடேறிப் பாறைகள் வெளுத்தன. அப்போது எடுத்த படங்களைக் கேட்டால், ஹார்டு டிஸ்க் பழைய திட்டத்தில் இருந்தவரிடம் என்கிறீர்கள்; அவரோ கட்டுரை வெளிவரட்டும் என்கிறார். வெளுத்த பவளம் அதுவரை பொறுக்குமா? சூடு தணியாவிட்டால் சில வாரங்களில் செத்து மேலே பாசி படர்ந்துவிடும், பிறகு இறங்கிப் பார்ப்பவருக்கு அது சூட்டில் செத்ததா, வெளியிலிருந்து வந்த கப்பாபைகஸ் பாசி மூடிச் செத்ததா என்று சொல்வது பெரும்பாடு. தேதியும் இடமும் குறித்த பழைய படம்தான் சாட்சி. அது உங்கள் அலமாரியில் இருந்து யாருக்கு லாபம்?

எங்கள் பையன்கள் சின்ன கேமராவில் எடுத்துக் கொடுத்ததைத் 'தரம் போதாது' என்று தள்ளிவிட்டீர்கள். நீருக்குள் சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கி எல்லாம் நீலமாகிவிடும், நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டை வைக்காமல் எடுத்த படத்தில் வெளுப்பை அளக்க முடியாது, உண்மைதான். அந்த அட்டையையும் ஓர் அளவுகோலையும் கையில் கொடுத்து, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் விழும்படி எப்படி எடுப்பது என்று சொல்லித் தருவதுதானே கூட்டு? இல்லை, படகோட்டுவது மட்டும்தான் எங்கள் பங்கா?

1986-இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, பாசி எடுக்கும் பெண்கள் தீவோரம் போனாலே விரட்டு. இரவில் கரையை ஒட்டி வரும் இழுவலை மட்டும் எந்த கேமராவிலும் விழாது போல! அப்புறம் விழாவில் 'மீனவர் பங்கேற்பு' என்று ஒரு பேனர்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். படம் எடுத்த ஒரு மாதத்துக்குள், இடமும் தேதியும் குறித்து, ஒரு நகல் அந்தந்த ஊர் மீனவர் சங்கத்துக்கு வர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பித் தண்ணீர் கலங்குவதற்குள் பதில் தந்தால், இந்தக் கோடையிலேயே சேர்ந்து இறங்கலாம்.