துர்துக் மக்களைச் சந்திக்க விடுங்கள்

இந்திய, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். லடாக்கில் ஷியோக் ஆற்றங்கரையில் இருக்கும் துர்துக் என்ற ஊருக்காக எழுதுகிறேன்.

அங்கே 80 வயதைத் தாண்டியவர்கள் ஜம்மு காஷ்மீரை ஆண்ட டோக்ரா மன்னரின் குடிகளாகப் பிறந்தவர்கள். 1948 போருக்குப் பின் அவர்கள் பாகிஸ்தான் வசமானார்கள். 1971 டிசம்பரில் மீண்டும் போர் மூண்டபோது சேவாங் ரிஞ்சென் தலைமையில் இந்தியாவின் லடாக் ஸ்கவுட்ஸ் படை வந்தது. சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் ஆகிய நான்கு ஊர்களும் இந்தியாவின் கைக்கு வந்தன. படிக்கவும் பிழைக்கவும் பாகிஸ்தான் பக்கத்து ஸ்கர்துவுக்கோ கராச்சிக்கோ போயிருந்தவர்கள் போனது போனதுதான். மனைவி ஒரு நாட்டில், கணவன் ஒரு நாட்டில்.

அந்த 1971 போரில் பஞ்சாபிலும் சிந்துவிலும் பிடித்த நிலத்தை இந்தியா திருப்பிக் கொடுத்தது. அது சர்வதேச எல்லை. துர்துக்கில் அப்படியோர் எல்லை இல்லை. போர் நின்ற டிசம்பர் 17 அன்று படைகள் இருந்த இடமே கட்டுப்பாட்டுக் கோடு என்று 1972 சிம்லா ஒப்பந்தம் முடிவுசெய்தது. அந்தக் கோட்டை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

2010இல் இந்தப் பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. தாங் ஊரில் பைனாகுலர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து பிரானு ஊரின் வீடுகளையும் வயல்களையும் வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். தாங் மக்களுக்கோ அது சித்தப்பா வீடு, அத்தை வீடு. கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போக பாஸ்போர்ட், விசா வாங்கி லே, தில்லி, லாகூர், ஸ்கர்து என்று சுற்ற வேண்டும். 2025 ஏப்ரலில் பஞ்சாப் எல்லையிலிருக்கும் அட்டாரி வாசலும் மூடப்பட்டது. சாவுக்குக்கூடப் போக முடியாத உறவு என்ன உறவு?

உங்களால் ஆகாத காரியமல்ல இது. 2005 ஏப்ரலில் கோட்டைத் தாண்டி ஸ்ரீநகர்-முசாபராபாத் பஸ்ஸை ஓடவிட்டீர்கள். அதே ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் கட்டுப்பாட்டுக் கோட்டில் 5 இடங்களைத் திறந்தீர்கள். ஐந்தில் ஒன்றுகூட லடாக்கில் இல்லை! கோட்டைத் தாண்டும் கார்கில்-ஸ்கர்து சாலையையும் துர்துக்-கப்லு சாலையையும் திறக்கும்படி அம்மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

இன்றைய நிலையில் சாலை திறக்க இரு அரசுகளுக்கும் மனம் வராது என்று தெரிகிறது. ஆகவே சிறியதாகவே கேட்கிறேன். தாங், பிரானு ஊர்களுக்கு நடுவே, இரு படைகளின் காவலிலேயே, ஆண்டுக்கு ஒரு நாள் சந்திப்புக்கு அனுமதி தாருங்கள். முதியவர்களை முதலில் அழையுங்கள். பிரிந்தபோது 20 வயதில் இருந்தவர்கள் இன்று 70ஐத் தாண்டிவிட்டார்கள். யாருக்கு யார் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்ற பட்டியலை இப்போதே எடுக்கத் தொடங்கலாம். அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்