அம்மாவுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் எழுதிய அமெரிக்கப் பெண்மணி ஆலிஸ் ஷெல்டன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அறிவியல் புனைவு எழுதியவருக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதே பெரிய விஷயம், சரி. ஆனால் விருதுப் பட்டியலுக்கு அரைப் பக்கப் பெட்டி போட்டுவிட்டு, குடும்பத்தை 'தாயாரும் எழுத்தாளர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

அந்தத் தாயார் மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி. ஆறு வயது மகள் ஆலிஸை ஆப்பிரிக்கக் காடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பிறகு அந்த மகளையே கதாநாயகியாக்கி 1927-இல் 'ஆலிஸ் இன் ஜங்கிள்லேண்ட்' என்று சிறுவர் நூலும் எழுதினார். சின்ன வயதிலேயே அம்மாவின் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண்தான், ராணுவம், சிஐஏ, உளவியலில் முனைவர் பட்டம் எல்லாம் பார்த்து முடித்து, ஐம்பது தாண்டியபின் 1967-இல் ஒரு மார்மலேட் (ஆரஞ்சு ஜாம்) புட்டியில் கண்ட பெயரை எடுத்துக்கொண்டு ஆணாக எழுத வந்தார். 'ஜூனியர்' கணவர் ஒட்டியது.

இதைச் சொல்லாமல், அறிவியல் புனைவின் பெரிய விருதுகளான ஹியூகோ 1974-இல், நெபுலா அதே ஆண்டில் என்று அடுக்கினால் என்ன புரியும்? அந்த விருதுகளை வாங்கியவரை எழுத்துலகில் யாரும் நேரில் பார்த்ததில்லை. தபால் பெட்டி எண் ஒன்றுதான் முகவரி. டிப்ட்ரீ பெண்ணாக இருக்கலாம் என்ற பேச்சே அபத்தம் என்று 1975-இல் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் டிப்ட்ரீயின் கதைத் தொகுப்புக்கு முன்னுரையே எழுதினார். இன்னொரு பக்கம், டிப்ட்ரீ தன் கதை ஒன்றை நெபுலா போட்டியிலிருந்து தானே விலக்கிக்கொண்டார். பெண்களை இத்தனை புரிந்துகொண்ட ஆண் என்ற பாராட்டில் விழும் ஓட்டு அவருக்கு உறுத்தியது. விருதுப் பெட்டியில் வாங்காத இந்த விருதுக்குத்தான் நான் முதலிடம் கொடுத்திருப்பேன்.

கடைசியில் குட்டு உடைந்ததும் அம்மாவால்தான். சிகாகோவில் வயதான தாயார் இருப்பதைக் கடித நண்பர்களிடம் டிப்ட்ரீ மறைத்ததில்லை. 1976-இல் அம்மா இறந்தார். அதையும் எழுதினார். ஒரு நண்பர் அங்கத்திய இரங்கல் குறிப்பைத் தேடிப் படித்தார். ஒரே மகள், பெயர் ஆலிஸ் ஷெல்டன் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். துக்கச் செய்தியைச் சொல்லப்போய், பத்து வருட மறைவை இழந்தார். (அந்த நண்பர் தேடிப் பார்த்தது சரியா என்று எனக்குள் இன்னும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.)

அப்புறம், ஒரு சின்னத் திருத்தம். ஹியூகோவை 'நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் பரிசு' என்று போட்டிருக்கிறீர்கள். நடுவர் யாரும் கிடையாது. உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்குச் சந்தா கட்டிய வாசகர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ரொக்கமும் கிடையாது, ராக்கெட் வடிவக் கோப்பை மட்டும். நெபுலாவுக்கு ஓட்டுப் போடுவது சக எழுத்தாளர்கள்.

டிப்ட்ரீ பெயரில் 1991-இல் தொடங்கிய விருதையும் 'சிறு அமைப்பு ஒன்றின் பரிசு' என்று தள்ளிவிட்டீர்கள். அதற்கு நடுவர்கள் உண்டு. ஆனால் பணம், வாசகர்கள் வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் கேக்கும் மாநாடுகளில் விற்றுச் சேர்த்தது. வென்றவருக்குத் தொகையோடு சாக்லேட்டும் தருவார்கள்! அதே வாசகர்கள்தான் 2019-இல் அந்தப் பெயரையே கேள்வி கேட்டார்கள். 1987-இல் ஆலிஸ், பார்வை மங்கிய 84 வயதுக் கணவரைக் கொன்றுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இருவரும் முன்பே பேசிவைத்தது என்று ஒரு தரப்பு. பிறர் பராமரிப்பில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று மறு தரப்பு. மாற்றப்போவதில்லை என்று முதலில் சொன்ன நிர்வாகிகள் சில நாளிலேயே மனம் மாறினார்கள். இப்போது அது 'அதர்வைஸ் விருது'.

இந்தக் கணவரின் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை. ஹண்டிங்டன் ஷெல்டன். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், ஹியூகோவோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்